கே-பிளானுக்குள் என்ன இருந்தது?

1963 ஆகஸ்ட்டில் எங்கள் சாத்தூரில் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரே பேச்சுத்தான்: காமராஜர் ஏன் நாற்காலியை விடுகிறார்? 1957-லும் 1962-லும் எங்கள் தொகுதியில் ஜெயித்துத்தான் அவர் சட்டசபைக்குப் போனார். அதனால் அவர் மனதில் இருப்பது எங்களுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு ஊரில் எல்லோருக்கும் இருந்தது.

வெளியில் சொன்ன காரணம் எளிமையானது. சீன யுத்தத்துக்குப் பிறகு காங்கிரஸின் பெயர் கெட்டிருந்தது. அந்த வருஷம் நடந்த லோக்சபா இடைத்தேர்தல்களில் கிருபளானி, லோகியா, மினு மசானி மூவரும் காங்கிரஸைத் தோற்கடித்து உள்ளே வந்துவிட்டார்கள். மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்பட்டும் என்றார் காமராஜர். யார் யாருடைய ராஜினாமாவை ஏற்பது என்ற பொறுப்பு நேருவிடம் போயிற்று. ஆறு மத்திய மந்திரிகள், ஆறு முதல் மந்திரிகள் வெளியேறினார்கள். நேருவும் விலகுகிறேன் என்றார், கட்சி விடவில்லை.

இதை அப்படியே நம்பியவர் எங்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை. மொரார்ஜி தேசாய் அந்த ஜனவரியில் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டில் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது. ஆசாரிமார் பிழைப்பு போயிற்று. "எங்க வயித்தெரிச்சல் பார்த்துத்தான் பெரியவர் இந்தத் திட்டமே போட்டாரு" என்பார் பஜாரில் ஒரு நகை ஆசாரி. திமுக நண்பர்களோ, "1962-ல ஐம்பது இடம் வந்துட்டோம். அடுத்த தடவை தோற்போம்னு தெரிஞ்சு டெல்லிக்கு நழுவுறாரு" என்றார்கள். நேரு ஆசை காட்டி அழைத்துப்போகிறார் என்று பழைய கதர்க்காரர்களுக்குக் கோபம். விலகுவது தற்கொலைக்குச் சமம் என்று பெரியாரே தந்தி கொடுத்தார். அவரவர் வலி எதுவோ, அதுவே காமராஜரின் உள்நோக்கமாகத் தெரிந்தது.

டெல்லியில் பேச்சு வேறு. இது மொரார்ஜியைக் கழற்றிவிட்டு இந்திராவுக்கு வழி செய்யும் ஏற்பாடு என்றார்கள். மொரார்ஜிக்கும் அந்தச் சந்தேகம் கடைசிவரை போகவில்லை. ஆனால் அதே பட்டியலில் உள்துறை மந்திரி லால் பகதூர் சாஸ்திரியும் இருந்தாரே, நேருவுக்கு மிகவும் வேண்டியவர்? அதற்கும் பதில் தயார்: மொரார்ஜியை மட்டும் அனுப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும், மறைப்பதற்குத்தான் சாஸ்திரி! இப்படி எதிர்ச்சாட்சியையும் தன் சாட்சியாக்கிக்கொள்ளும் சந்தேகத்தை யார் தோற்கடிக்க முடியும்?

அதற்காகச் சந்தேகம் முழுவதும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். 1964 ஜனவரியில் புவனேஸ்வர் மாநாட்டின்போது நேரு நோயில் விழுந்ததும் சாஸ்திரியை இலாகா இல்லாத மந்திரியாகத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். மொரார்ஜியை அழைக்கவில்லை. காஷ்மீரின் பக்ஷி குலாம் முகமது காங்கிரஸ்காரரே அல்ல, தேசிய மாநாட்டுக் கட்சிக்காரர். அவரும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர். கட்சி வேலைக்காக என்ற காரணம் அவருக்கு எப்படிப் பொருந்தும்?

என் எண்ணத்தில், திட்டம் வேறு, பட்டியல் வேறு. திட்டத்தைச் சொன்னவர் காமராஜர் (பிஜு பட்நாயக்கின் யோசனையும் அதில் கலந்திருந்தது என்பார்கள்). பட்டியலைப் போட்டவர் நேரு. பட்டியலில் கணக்கு இருந்தது என்பதற்காகத் திட்டத்தையும் சூழ்ச்சி என்று சொல்லிவிட்டோம். இந்திராவுக்குப் பாதை போட்டார்கள் என்பதும் பெரும்பாலும் 1966-ஐப் பார்த்துவிட்டுப் பின்னோக்கிப் போட்ட கணக்கு. சாஸ்திரி தாஷ்கண்டில் அப்படித் திடீரென்று இறந்துபோவார் என்று 1963-ல் யார் கண்டது?

காமராஜருக்கு ஆசையே இல்லை என்று நான் வாதாடவில்லை. 1964-ல் காங்கிரஸ் தலைவரானார், இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுத்ததில் அவர் கை ஓங்கியிருந்தது. ஆனால் 1966-ல் நீங்களே பிரதமராகுங்கள் என்று அதுல்ய கோஷ் போன்றவர்கள் கேட்டபோது மறுத்தார். ஒன்பதரை வருஷம் வகித்த முதல்வர் பதவியை, அடுத்த தேர்தலுக்கு இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கும்போது, 1963 அக்டோபர் 2-ஆம் தேதி விட்டார். பிறகு அது அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1967-ல் சொந்த ஊரான விருதுநகரிலேயே சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார்.

1969-ல் காங்கிரஸ் உடைந்தது. இந்திரா ஒரு பக்கம். காமராஜரும் மொரார்ஜியும் இன்னொரு பக்கம், ஒரே கட்சியில். மகளுக்காக மொரார்ஜியைக் கவிழ்த்தவர் என்று காமராஜரைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்.