கண்ணில் படாதே, கண்ணைவிட்டு நீங்காதே



திருநெல்வேலிச் சீமையில் புதிரை வண்ணார் பிறர் கண்ணில் படுவதே தீட்டு என்று விதித்திருந்தார்கள். பகலில் வெளியே வரக்கூடாது. இருட்டிய பிறகே நடமாடலாம். 1930களில்கூட இக்கொடுமை பதிவாகியிருக்கிறது. இன்று சென்னையின் அடுக்குமாடிகளுக்கு வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கு விதி தலைகீழ்: ஒரு நிமிடமும் பார்வையை விட்டு விலகக்கூடாது. வாசலில், ஹாலில், சமையலறையில் கேமரா. வீட்டுக்காரர் அலுவலகத்தில் இருந்தபடியே செல்போனில் பார்க்கிறார். யார், எப்போது கண்ணில் படலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் மட்டும் கைமாறவில்லை.

இந்தச் சந்தேகம் கேமராவோடு பிறந்ததல்ல. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. வீட்டுக்குள் திருடினால், யாராயினும் 7 ஆண்டு வரை. அது போதாதென்று, வேலைக்காரருக்கும் எழுத்தருக்கும் என்றே 381ஆம் பிரிவைத் தனியாக எழுதி வைத்தார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 306ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

உரிமை என்று வரும்போது மட்டும் சட்டம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆனால் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. 2020ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 'தொழில்' என்ற வரையறையிலிருந்தே வீட்டுவேலையை நீக்கிவிட்டது. வீட்டோடு தங்கி உழைப்பவரின் அந்தரங்கத்தை மதிக்கச் சொல்லும் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

'வீட்டுக்குள் சட்டம் எப்படி நுழையும்?' என்று கேட்பார்கள். 2013ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடமாக ஏற்று, வீட்டுவேலைப் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அப்போது நுழைய முடிந்தது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். கேமரா இருப்பதை வேலைக்குச் சேரும்போதே சொல்ல வேண்டும். உடை மாற்றும் இடத்திலும் சாப்பிட்டு ஓய்வெடுக்கும் இடத்திலும் அது கூடாது. திருட்டுப் பழி சுமத்தினால், அந்தப் பதிவைப் பார்க்கும் உரிமை பழி சுமந்தவருக்கும் வேண்டும்.