மலாயாத் தீபகற்பத்துப் பெண்களின் விரைவோட்டம்

மலேசியாவும் சிங்கப்பூரும் அனைத்துலகத் திடல்தடப் போட்டிகளுக்கு அனுப்பிய பெண் ஓட்டக்காரர்களின் வரலாறு இது. 100, 200, 400 மீட்டர் ஓட்டங்களும் அவற்றின் தொடர் ஓட்டங்களும் விரைவோட்டம் என்ற வகையில் அடங்கும். இவற்றுள் இந்த மண்ணுக்கு அதிகம் கைகொடுத்தது 400 மீட்டர்தான். 1966 முதல் 1978 வரை நடந்த நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், பெண்களுக்கான 400 மீட்டர் தங்கம் மூன்று முறை கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வந்தது. முதல் தங்கத்தை வென்றவர் ஒரு தமிழ்ப் பெண். 1966இல் பேங்காக்கில் மூன்று தங்கம் வென்ற ஓட்டக்காரர் டாக்டர் எம். ஜெகதீசனை மலேசியத் தமிழர்கள் பெருமையோடு நினைக்கிறார்கள். அதே ஆண்டில் அதே நகரில் தங்கம் வென்ற எம். ராஜமணியை அந்த அளவுக்கு நினைப்பதில்லை.

உலக அளவிலேயே பெண்கள் ஓடுவதற்குத் தாமதமாகத்தான் வழி திறந்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கான திடல்தடப் போட்டிகள் 1928இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கின. விரைவோட்டத்தில் அப்போது இருந்தவை 100 மீட்டரும் 4 x 100 தொடர் ஓட்டமும் மட்டுமே. 800 மீட்டரும் நடந்தது. ஜப்பானின் கினுயே ஹிதோமி அதில் வெள்ளி வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஆசியப் பெண் ஆனார். ஆனால் ஓட்டம் முடிந்ததும் பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் கூச்சலிட, அந்தப் போட்டியையே நீக்கிவிட்டார்கள். அது திரும்பி வர 1960 ஆயிற்று. 200 மீட்டர் 1948இல் லண்டனிலும், 400 மீட்டர் 1964இல் டோக்கியோவிலும்தான் சேர்ந்தன. 4 x 400 தொடர் ஓட்டத்துக்கு 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்கள் முதல் ஒலிம்பிக்கிலேயே, 1896இல், 400 மீட்டர் ஓடிவிட்டார்கள். பெண்ணின் உடல் அந்தத் தூரத்தைத் தாங்காது என்ற எண்ணத்தை விட ஆடவர் உலகுக்கு அதன்பின் 68 ஆண்டுகள் பிடித்தன.

மலாயாவில் பெண்கள் ஓடுவதற்கான முதல் களத்தை ஆங்கிலப் பெண்கள் பள்ளிகள் அமைத்துத் தந்தன. பினாங்கில் 1852இல் தொடங்கிய லைட் ஸ்திரீட் கான்வென்ட்டும் 1885இல் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் பெண்கள் பள்ளியும் அந்த வகையில் மூத்தவை. பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாக ஏறும் பள்ளி விளையாட்டு மன்ற முறை பின்னர் உருவானது. இன்றும் மலேசிய ஓட்டக்காரர்களில் பெரும்பாலோர் அந்தப் படிகளில் ஏறித்தான் வருகிறார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என இல்லங்களாகப் பிரிந்து ஓடும் தமிழ்ப்பள்ளி விளையாட்டு நாளும் அதன் அடிப்படியே. தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு அதைவிட மலிவான விளையாட்டு வேறில்லை. மட்டையும் பந்தும் வேண்டாம், பலருக்குக் காலணிகூட இருந்ததில்லை.

இந்த வட்டாரத்துப் பெண்களின் பெயர்கள் ஒலிம்பிக் விரைவோட்டப் பட்டியலில் 1956இல் மெல்போர்னில் இடம்பெற்றன. சிங்கப்பூரிலிருந்து மேரி கிளாஸ், ஜேனட் ஜேசுதாசன் இருவரும் 100 மீட்டர் ஓடினர். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1952இல் ஹெல்சிங்கியில், நீலிமா கோஷும் மேரி டிசூசாவும் இந்தியாவுக்காக ஓடியிருந்தார்கள். 1954 மணிலா ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் 4 x 100 தொடர் ஓட்டத் தங்கத்தையும் வென்றிருந்தார்கள். ஆசியாவில் அன்று பெண்கள் விரைவோட்டம் என்றால் முதலில் ஜப்பான், அடுத்து இந்தியா. மலாயா அந்தப் பேச்சில் இல்லை.

நிலைமையை மாற்றியவர் 1943இல் பிறந்த ராஜமணி மயில்வாகனம். பத்திரிகைகளில் எம். ராஜமணி. 1963இல் மலேசியா உருவானபின் வந்த முதல் ஒலிம்பிக், 1964 டோக்கியோ. சிங்கப்பூரும் அப்போது மலேசியக் கொடியின் கீழ்தான் சென்றது. பெண்களின் 400 மீட்டர் அந்த ஆண்டுதான் ஒலிம்பிக்கில் அறிமுகமாகியிருந்தது. ராஜமணி அதில் ஓடினார். தகுதிச் சுற்றோடு வெளியேறினார். தங்கம் ஆஸ்திரேலியாவின் பெட்டி கத்பர்ட்டுக்குச் சென்றது, நேரம் 52.0 வினாடி. முடிவை மட்டும் பார்த்தால் ராஜமணியின் பயணம் சாதாரணமானது. ஆனால் உலகமே புதிதாகக் கற்றுக்கொண்டிருந்த ஓர் ஓட்டத்தை முதல் நாளிலேயே இறங்கிப் பார்த்தவர்களில் அவர் ஒருவர். அந்த அனுபவத்தின் பலன் ஈராண்டுகளில் தெரிந்தது.

1965 டிசம்பரில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் ராஜமணி 200, 400, 800 மீட்டர் மூன்றிலும் தங்கம் வென்று, 4 x 100 தொடர் ஓட்டத்திலும் தங்கம் பெற்ற அணியில் இருந்தார். 200இல் வெல்பவர் 800இலும் வெல்வது இன்று நினைத்தும் பார்க்க முடியாதது. இரண்டுக்கும் பயிற்சி வேறு, உடல்வாகு வேறு. அன்றைய வட்டாரப் போட்டியின் தரம் குறைவு என்று சிலர் சொல்லக்கூடும். அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்த வாதம் அடுத்த ஆண்டுக்குப் பொருந்தாது.

1966 டிசம்பரில் பேங்காக்கில் நடந்த ஐந்தாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில்தான் பெண்களுக்கான 400 மீட்டர் முதன்முறையாகச் சேர்ந்தது. ராஜமணி 56.3 வினாடியில் ஓடி அதை வென்றார். ஆசியப் போட்டியின் திடல்தடத்தில் தங்கம் வென்ற முதல் மலேசியப் பெண் அவர்தான். அதே போட்டியில் ஜெகதீசன் 100, 200, 4 x 100 என மூன்று தங்கங்களை அள்ளினார். நாட்டின் சிறந்த விளையாட்டு வீரருக்கும் வீராங்கனைக்குமான தேசிய விருதுகள் அந்த ஆண்டுதான் தொடங்கின. முதல் வீரர் ஜெகதீசன், முதல் வீராங்கனை ராஜமணி. 1967இலும் வீராங்கனை விருது ராஜமணிக்கே கிடைத்தது. சுதந்திரம் பெற்றுப் பத்தாண்டுகூட ஆகாத நாட்டில் முதல் விருதுகள் இரண்டும் தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சென்றன.

அந்தக் கால நேரங்களை இன்றைய நேரங்களோடு ஒப்பிடும்போது கவனம் தேவை. 56.3 என்று ஒற்றைத் தசமத்தில் எழுதப்பட்டால் அது கைக்கடிகார நேரம். துப்பாக்கிப் புகையைப் பார்த்து விரல் அழுத்துவதற்குள் ஒரு கணம் கழிந்துவிடும் என்பதால் கைநேரம் சற்றுக் குறைவாகவே காட்டும். மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24 வினாடியும், 400க்கு 0.14 வினாடியும் கூட்டிக்கொள்வது வழக்கம். அதோடு அன்றைய ஓடுபாதை கரித்தூளும் மண்ணும் கலந்தது. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. செயற்கை ஓடுபாதையில் ஓடியவரின் நேரத்தை அதனருகே வைத்து ராஜமணியின் நேரத்தைச் சிறிதாக எண்ணுவது நியாயமல்ல.

1970இல் பேங்காக்கிலேயே மீண்டும் ஆசியப் போட்டி. அந்த ஆண்டு உலக சாதனைகளை வாரிக் குவித்துக்கொண்டிருந்த தைவானின் சி செங் 400 மீட்டரில் காயப்பட, இந்தியாவின் கமல்ஜித் சந்து வென்றார். ஆசியப் போட்டியில் தனிநபர் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் திடல்தட வீராங்கனை அவர். நேரம் 57.3, அதாவது ராஜமணியைவிட ஒரு வினாடி அதிகம். 1974இல் டெஹ்ரானில் சிங்கப்பூரின் சீ சுவீ லீ 55.08 வினாடியில் தங்கம் வென்றார். 1978இல் மூன்றாம் முறையாகப் பேங்காக். இம்முறை தங்கம் மலேசியாவின் சாய்க் ஒய்க் கும்முக்கு.

சீ சுவீ லீயோடு டெஹ்ரானில் 4 x 400 தொடர் ஓட்ட வெள்ளியைப் பகிர்ந்துகொண்டவர்களில் குளோரி பர்னபாஸ் ஒருவர். ஆசிரியர். 1973இல் சிங்கப்பூரில் நடந்த தீபகற்பப் போட்டியில் 200 மீட்டர் தங்கம் வென்றவர். பர்மிய வீராங்கனையும் அவரும் ஒன்றாகவே கோட்டைக் கடந்ததுபோல் தெரிந்ததால், முடிவைச் சொல்ல நிழற்படம் தேவைப்பட்டது. பிற்காலத்தில் மூத்தோர் போட்டிகளிலும் ஓடிப் பதக்கங்கள் பெற்றார். பள்ளி ஆசிரியை, மாலையில் ஓட்டக்காரி என்பதுதான் அந்தத் தலைமுறையின் வாழ்க்கை. விளையாட்டுக்கென்று சம்பளம் இல்லை, முழுநேரப் பயிற்சி முகாம்கள் இல்லை.

ஓர் இளம் நாடும் அதைவிடச் சிறிய ஒரு தீவும் ஆசியாவின் 400 மீட்டரைப் பன்னிரண்டு ஆண்டுகளில் மூன்று முறை வென்றது எப்படி? என் கணிப்பில், புதிய ஓட்டத்தில் அவர்கள் முந்தி இறங்கியதே முதல் காரணம். 100 மீட்டரில் ஜப்பானுக்குப் பல்லாண்டுப் பாரம்பரியம் இருந்தது. 400இல் எவருக்கும் பாரம்பரியம் இல்லை. இன்னொரு காரணத்தை ஆசியப் போட்டியின் வரலாறே சொல்கிறது. சீனா 1974இல்தான் அதில் நுழைந்தது. மத்திய ஆசிய நாடுகள் சோவியத் ஒன்றியத்தில் இருந்தன. வளைகுடா நாடுகள் பெண்களை ஓட அனுப்பவில்லை. கதவு அகலத் திறக்குமுன் ஓடி முடித்தவர்கள் இவர்கள். அதைச் சொல்வதால் அவர்களின் தங்கம் மங்கிவிடாது.

வட்டாரத்திலும் போட்டி கடுமையானது. இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் சேர்ந்தபின் 1977இல் தீபகற்பப் போட்டி சீ விளையாட்டுப் போட்டியாகப் பெயர் மாறியது. பிலிப்பைன்ஸின் லிடியா டி வேகா 1982, 1986 ஆசியப் போட்டிகளில் 100 மீட்டரை வென்றார். இந்தியாவின் பி.டி. உஷா 1985இல் ஜகார்த்தா ஆசிய வாகையர் போட்டியில் ஐந்து தங்கமும், 1986 சோலில் நான்கு தங்கமும் வென்றார். மலேசியாவில் வி. அங்கம்மா, மும்தாஜ் ஜாபர் போன்றோர் அந்தக் காலத்தில் நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்களாக இருந்தும் ஆசியாவின் உச்சியை எட்ட முடியவில்லை.

1986இல் சுக்மா எனப்படும் மாநிலங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி தொடங்கியது. பள்ளியில் தேறியவர்களை அடுத்த நிலைக்குக் கொண்டுசெல்லும் ஏணி அது. 2000ஆம் ஆண்டு சுக்மாவைப் பினாங்கு நடத்தியது. அதற்காகவே பெருநிலப் பக்கம் பத்து காவானில் மாநில அரங்கம் எழுந்தது. 

1993 மலேசியப் பெண்கள் விரைவோட்டத்தின் இரண்டாவது நல்ல ஆண்டு. 1967இல் பிறந்த ஜி. சாந்தி 100 மீட்டரை 11.50 வினாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தார். ரபியா அப்துல் சலாம் 400 மீட்டரை 52.56இல் முடித்தார். இரண்டு சாதனைகளும் நெடுங்காலம் அசையவே இல்லை. சாந்தியின் சாதனை 24 ஆண்டு நின்றது, ரபியாவினது 30 ஆண்டு. சாதனை இத்தனை காலம் நிற்பது படைத்தவருக்குப் பெருமை, நாட்டுக்கு அல்ல. நடுவில் ஒரு தலைமுறையே முழுதாகப் பிறந்து வளர்ந்துவிட்டது. சாந்தி 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியிலும் சொந்த மக்கள் முன் ஓடினார். புக்கிட் ஜாலில் அரங்கம் அப்போது புத்தம் புதிது.

சாந்தியின் 100 மீட்டர் சாதனையை 2017இல் முறியடித்தவர், பினாங்கைச் சேர்ந்த சைடாத்துல் ஹுஸ்னியா சுல்கிப்லி. நேரம் 11.45. அதற்கு முந்தைய ஆண்டு ரியோ ஒலிம்பிக்கிலும் அவர் ஓடியிருந்தார். இந்த நீண்ட வரலாற்றில் பினாங்கின் பெயர் தெளிவாக ஒலிக்கும் இடம் இதுதான். பேராக், சிலாங்கூர் மாநிலங்களோடு ஒப்பிட்டால் பினாங்கின் பங்கு மெலிந்ததே.

ரபியாவின் சாதனை ஷெரீன் சாம்சன் வல்லபோயிடம் வீழ்ந்தது. ஈப்போவைச் சேர்ந்தவர். தந்தை சாம்சன் வல்லபோய், தாய் ஜோசபின் மேரி இருவரும் மலேசியாவுக்காக ஓடியவர்கள். 2023 மே மாதம் கம்போடியாவில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் ஷெரீன் 52.53 வினாடியில் 400 மீட்டர் தங்கம் வென்றார். அப்போது அவர் அமெரிக்காவின் மினசோட்டாவில் வினோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். அதே மாதம் அங்கே கல்லூரிப் போட்டியில் 52 வினாடிக்கும் கீழே இறங்கினார். உள்நாட்டில் 30 ஆண்டு அசையாத சாதனை, வெளிநாட்டுக் கல்லூரியில் பயிற்சி பெற்றவரால்தான் அசைந்தது என்பதை மலேசிய விளையாட்டு நிர்வாகம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அக்கரையில் இன்னொரு சாந்தி. சிங்கப்பூரின் வெரோனிகா சாந்தி பெரேரா அதே கம்போடியப் போட்டியில் 100, 200 இரண்டிலும் தங்கம் வென்றார். ஜூலையில் பேங்காக் ஆசிய வாகையர் போட்டியிலும் அதே இரட்டைத் தங்கம், 100 மீட்டர் நேரம் 11.20. செப்டம்பர் இறுதியில் தொடங்கிய ஹாங்சோ ஆசியப் போட்டியில் 100இல் வெள்ளி, 200இல் தங்கம். 1974இல் சீ சுவீ லீ வென்றதற்குப் பின் ஆசியப் போட்டித் திடல்தடத்தில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. இடைவெளி 49 ஆண்டு.

மலேசியாவின் காத்திருப்பு இன்னும் முடியவில்லை. 1978இல் சாய்க் ஒய்க் கும் வென்ற 400 மீட்டர் தங்கத்துக்குப் பின், 2023இல் நடந்த ஹாங்சோ போட்டி வரை, ஆசிய விளையாட்டுப் போட்டியின் 100, 200, 400 மீட்டர் ஓட்டங்கள் எதிலும் மலேசியப் பெண் ஒருவரும் தங்கம் வெல்லவில்லை.