வலை வழங்கி: பிற கணினிகளுக்கு இணைப்பு மறுக்கப்படுதல்

ஒரு வலை வழங்கி, தான் நிறுவப்பட்ட கணினியின் உலாவிக்குப் பக்கங்களைத் தந்துகொண்டிருக்கையில், பிற கணினிகளுக்கு மட்டும் எட்டாமல் போவது உண்டு. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற வழங்கிகளைப் புதிதாக நிறுவுவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல் இது. பெரும்பாலும் வழங்கியில் பழுது இருக்காது. கேட்கும் முகவரி, ஃபயர்வால், ரவுட்டர் ஆகிய மூன்றில் ஒன்றின் அமைப்பே காரணமாக இருக்கும்.

பிழைச்செய்திகளின் பொருள்

டிசிபி நெறிமுறையில், இணைப்பு கோரும் கணினி முதலில் 'சின்' பொட்டலத்தை அனுப்பும். கோரிய போர்ட்டில் எந்த நிரலும் காத்திருக்காவிட்டால், எதிர்க் கணினி உடனே 'ரீசெட்' பொட்டலத்தைத் திருப்பி அனுப்பும். உலாவி 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று காட்டும். ஃபயர்வால் பொட்டலத்தைப் பதிலின்றிக் கைவிட்டால், உலாவி நெடுநேரம் காத்திருந்து 'நேரம் கடந்தது' என்று அறிவிக்கும். 403 பிழை இவற்றில் சேராது. அங்கே இணைப்பு கிடைத்துவிட்டது, பக்கத்துக்கான அனுமதிதான் இல்லை.

காரணங்கள்

கேட்கும் முகவரி: 127.0.0.1 என்பது கணினி தன்னையே அழைக்கும் லூப்பேக் முகவரி. 127 என்று தொடங்கும் முகவரிகள் கணினிக்கு வெளியே தோன்றக்கூடாது என்பது 1989இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1122இன் விதி. ஜாங்கோவின் சோதனை வழங்கி 8000ஆம் போர்ட்டிலும், ஃபிளாஸ்கின் சோதனை வழங்கி 5000ஆம் போர்ட்டிலும் இந்த முகவரியில் மட்டுமே காத்திருக்கும். முகவரியை 0.0.0.0 என மாற்றினால், கணினியின் எல்லா ஐபிவி4 முகவரிகளிலும் வழங்கி கேட்கத் தொடங்கும்.

ஃபயர்வால்: எச்டிடிபிக்கு 80, எச்டிடிபிஎஸுக்கு 443 ஆகிய போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். விண்டோஸில் வலையமைப்பு 'பொது' எனக் குறிக்கப்பட்டிருந்தால் கட்டுப்பாடு கூடுதலாக இருக்கும்.

ரவுட்டர்: 192.168 என்று தொடங்குபவை தனிப்பயன் முகவரிகள். இணையத்திலிருந்து இவற்றை நேரடியாக அடைய முடியாது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் அமைக்க வேண்டும். ரவுட்டருக்கே இணைய நிறுவனம் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான பகிர்வு முகவரியைத் தந்திருந்தால், அதுவும் போதாது. பொது ஐபி முகவரி கேட்டுப் பெற வேண்டும்.

கண்டறியும் முறை

சோதனை உள்ளிருந்து வெளியே செல்ல வேண்டும்.

1. வழங்கி இருக்கும் கணினியிலேயே 127.0.0.1ஐத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் வழங்கி இயங்கவில்லை, அல்லது வேறு முகவரியிலோ போர்ட்டிலோ கேட்கிறது.
2. அதே கணினியில் அதன் வலையமைப்பு முகவரியைத் திறக்க வேண்டும். இங்கே தடைபட்டால் கேட்கும் முகவரியே காரணம். லினக்ஸில் 'எஸ்எஸ்', விண்டோஸில் 'நெட்ஸ்டாட்' கட்டளைகள் அதை உறுதிசெய்யும்.
3. பக்கத்துக் கணினியிலிருந்து திறக்க வேண்டும். இங்கே தடைபட்டால் முதலில் ஃபயர்வாலைப் பார்க்க வேண்டும். வைஃபை கருவிகளை ஒன்றுக்கொன்று பிரித்துவைக்கும் ரவுட்டர் அமைப்பும் காரணமாகலாம்.
4. கைபேசியின் மொபைல் டேட்டா வழியாகப் பொது முகவரியைத் திறக்க வேண்டும். இங்கே மட்டும் தடைபட்டால் ரவுட்டரைப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு

சோதனைக்காக ஃபயர்வாலை முழுவதும் அணைத்துவிட்டு அப்படியே மறந்துவிடுவது ஆபத்து. தேவைப்படும் போர்ட்டை மட்டும் திறப்பதே முறை. சோதனை வழங்கிகள் இணையத்தில் திறந்துவைக்க உருவாக்கப்பட்டவை அல்ல, அவை 127.0.0.1இல் மட்டும் கேட்பது குறையன்று, பாதுகாப்பு.