தேர்த்துகளின் பகுதியெண்

தமிழ்க் கீழ்வாய் இலக்கங்களுள் ஆகச் சிறியதாக வாய்பாடுகள் கூறுவது தேர்த்துகள். இன்றைய முறையில் எழுதின், அது ஒன்றின்கீழ் 2323824530227200000000 ஆகும். இருபத்திரண்டு இலக்கங்கள் கொண்ட இப்பகுதியெண் படிப்படியான பெருக்கலால் விளைந்தது.

ஒன்றை 320 கூறிட்டது முந்திரி. அதனை மீண்டும் 320 கூறிட்டது கீழ்முந்திரி. 21 இம்மி ஒரு கீழ்முந்திரி. 11 மும்மி ஓர் இம்மி. 7 அணு ஒரு மும்மி. இவ்வாறே குணம் 9, பந்தம் 5, பாகம் 6, விந்தம் 7, நாகவிந்தம் 17, சிந்தை 14, கதிர்முனை 20, குரல்வளைப்படி 40, வெள்ளம் 60, நுண்மணல் 100 எனச் சேர்ந்து தத்தம் மேலதனை நிரப்பும். முடிவில் ஆறரைத் தேர்த்துகள் ஒரு நுண்மணல்.

இவ்வெண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2 இருபத்திரண்டு முறையும், 3 ஐந்து முறையும், 5 எட்டு முறையும், 7 நான்கு முறையும், 11, 13, 17 ஆகியன ஒவ்வொரு முறையும் வருகின்றன. 17 வரை ஒரு பகா எண்ணும் விடுபடவில்லை. ஆகவே 1 முதல் 18 வரை எவ்வெண்ணாலும் இது மீதியின்றி வகுபடும், 19ஆல் வகுபடாது. இதன் காரணிகள் மொத்தம் 49,680.

இப்பண்பின் வரலாற்றுப் பொருளைச் சோழர் நில அளவையோடு ஒப்பிட்டே உணர இயலும். முதலாம் இராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்குவரை நிலம் கணக்கிடப்பட்டுள்ளது. 320ஐ நான்கு முறை பெருக்கி, வந்ததை ஐந்தால் பெருக்கினால் கிடைக்கும் எண் அது. 'கீழ்' என்னும் அடையை அடுக்கியே அவ்வளவு நுண்மை எட்டப்பட்டது. அதன் பகாக் காரணிகள் 2, 5 என்னும் இரண்டே. ஏட்டுக் கணக்கரின் பாதியும் காலும் மாகாணியும் 11, 13, 17 ஆகியவற்றை ஒருபோதும் தரா. எனவே இம்மி முதலாகக் கீழிறங்கும் வரிசையை நிலக்கணக்கின் நீட்சி எனக் கொள்வதைவிட, கணக்காயர் தனியே கோத்த ஒரு தொடர் எனக் கொள்வதே பொருந்தும்.

பாட ஆய்வுக்கும் இது பயன்படும். 13 என்னும் காரணி 'ஆறரை' ஒன்றிலிருந்தே பிறக்கிறது. ஏடெழுதுவோர் 'அரை'யை விட்டு ஆறு என எழுதிவிட்டால், 2145068797132800000000 என்னும் நம்பத்தக்க தோற்றமுடைய எண்ணே கிடைக்கும். 13ஆல் வகுத்துப் பார்த்தாலன்றிப் பிழை புலப்படாது.

மொழிபெயர்ப்பாளருக்குள்ள இடர் சொற்களில்தான் உள்ளது. தொல்காப்பிய உரையாசிரியர்கள் பேரெண்ணாகக் காட்டும் வெள்ளம், இங்குச் சிற்றெண். நீட்டலளவையில் அணுவினும் தேர்த்துகள் பெரிது, அதனினும் நுண்மணல் பெரிது. கீழ்வாய் இலக்கத்திலோ அணுவே இம்மூன்றனுள் பெரியது. இவற்றைச் சொற்பொருள் நோக்கி மட்டும் பெயர்ப்பவர் அளவையைத் தலைகீழாக்கிவிடுவர். கீழ்வாய் இலக்கத்தில் ஓர் அணுவுக்குள் அடங்கும் தேர்த்துகள் 14,03,438 கோடியே 40 இலட்சம்.