5,106 வாக்குகள்: 1844இன் நியூயார்க்கும் மனச்சான்றின் விலையும்

1844ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில், ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் போல்க் நியூயார்க் மாநிலத்தில் விக் கட்சியின் ஹென்றி கிளேயை 5,106 வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். அதே மாநிலத்தில் லிபர்ட்டி கட்சி என்னும் சிறு கட்சியின் வேட்பாளர் ஜேம்ஸ் பர்னி பெற்ற வாக்குகள் 15,812. நியூயார்க்கின் 36 தேர்வர் வாக்குகளும் போல்க்குக்குச் சென்றன. நாடளவில் அவருக்கு 170, கிளேக்கு 105. அந்த 36 மட்டும் இடம் மாறியிருந்தால் கிளே 141, போல்க் 134 என்று முடிவு தலைகீழாகியிருக்கும். அதாவது, பர்னிக்கு வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கிளேயை ஆதரித்திருந்தாலே போதும்.

இந்தக் கணக்கு இன்றுவரை பேசப்படுவதற்குக் காரணம் பர்னியின் கட்சி எதற்காக நின்றது என்பதுதான். அடிமைமுறை ஒழிப்பு ஒன்றே அதன் உயிர்க்கொள்கை. போல்க்கோ அடிமைமுறை நிலவிய டெக்சாஸை அமெரிக்காவுடன் இணைக்க வேண்டும் என்று முழங்கியவர். அடிமைமுறைக்கு எதிராக அளிக்கப்பட்ட வாக்குகளே அதன் பரப்பை விரிக்க வழிவிட்டன என்னும் குற்றச்சாட்டு தேர்தல் முடிந்த உடனேயே எழுந்தது. இரு கட்சிகளே வெல்லக்கூடிய ஓர் அமைப்பில், கொள்கைக்காக வாக்களிப்பவர் விளைவுக்கும் பொறுப்பேற்க வேண்டுமா? இக்கேள்வியை இந்த அளவுக்குக் கூர்மையாக எழுப்பும் தேர்தல்கள் வரலாற்றில் சிலவே.

அன்றைய கட்சிகளின் அமைப்பை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். விக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் வடக்கிலும் தெற்கிலும் கிளைகள் இருந்தன. வங்கி, காப்பு வரி, சாலைகள், கால்வாய்கள் ஆகியவை பற்றி இரண்டும் ஓயாமல் மோதிக்கொண்டன. அடிமைமுறை பற்றிப் பேசினால் கட்சியே வடக்கு, தெற்கு எனப் பிளந்துவிடும் என்பதால், அதைப் பற்றி வாய் திறவாமல் இருப்பதே கட்சி விசுவாசத்தின் அடையாளமாயிற்று. 1836 முதல் 1844 வரை பிரதிநிதிகள் அவை, அடிமைமுறைக்கு எதிரான மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்கும் விதிகளைக் கடைப்பிடித்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அவற்றை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

வாக்களிக்கும் முறையும் கட்சியின் கைக்குள்ளேயே இருந்தது. அரசு அச்சிட்ட பொது வாக்குச்சீட்டு அன்று கிடையாது. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் பெயர்களை மட்டும் அச்சிட்ட சீட்டை வழங்கும். வாக்காளர் அதை வாங்கிப் பலர் பார்க்கப் பெட்டியில் இடுவார். இரகசிய வாக்குச்சீட்டு அமெரிக்க மாநிலங்களுக்கு வந்தது 1888ஆம் ஆண்டு முதல்தான். ஆகவே, மூன்றாவது கட்சிக்கு வாக்களிப்பது அண்டை வீட்டார், முதலாளி, உறவினர் அனைவர் கண்முன்னும் கட்சியை முறித்துக்கொள்ளும் செயல். அதற்கான சீட்டை யாராவது அச்சிட்டுக் கொண்டுவந்தால்தான் அதுவும் இயலும். லிபர்ட்டி கட்சி தோன்றிய காரணங்களுள் இதுவும் ஒன்று: மனச்சான்றுக்குக்கூட ஒரு சீட்டு தேவைப்பட்டது.

அடிமை ஒழிப்பாளர்களிடையே அன்று மூன்று நிலைப்பாடுகள் இருந்தன. வில்லியம் லாயிட் காரிசன், அடிமைமுறையைக் காக்கும் அரசமைப்பின்கீழ் வாக்களிப்பதே பாவம் என்று ஒதுங்கினார். ஓஹையோவின் ஜோஷுவா கிடிங்ஸ், விக் கட்சிக்குள் இருந்தே போராடலாம் என்றார். அடிமைமுறைக்கு எதிரான தீர்மானங்களைக் கொண்டுவந்ததற்காக 1842இல் பிரதிநிதிகள் அவை அவரைக் கண்டித்தது. அவர் பதவி விலகி, இடைத்தேர்தலில் வென்று மீண்டும் அவைக்குள் நுழைந்தார். மூன்றாவது நிலைப்பாடு பர்னியுடையது. கென்டக்கியில் பிறந்து, தாமே அடிமைகளை வைத்திருந்து, 1834இல் அவர்களை விடுவித்தவர் அவர். சின்சினாட்டியில் அவருடைய இதழின் அச்சுக்கூடத்தை 1836இல் ஒரு கும்பல் தகர்த்தது. இரு கட்சிகளும் அடிமை உடைமையாளர்களின் தயவில் இருக்கையில், குறைந்த தீமையைத் தேர்ந்தெடுப்பதும் தீமையைத் தேர்ந்தெடுப்பதே என்பது அவருடைய கட்சியினர் வாதம்.

கிளே இந்த வாதத்துக்கு வலுச் சேர்த்தார். அவரும் அடிமை உடைமையாளர்தாம். 1844 ஏப்ரலில் டெக்சாஸ் இணைப்பை எதிர்த்து வெளிப்படையாக எழுதினார். ஆனால் தென்மாநில வாக்குகள் நழுவுவதைக் கண்டதும், கோடையில் அலபாமாவுக்கு எழுதிய கடிதங்களில் அந்த எதிர்ப்பைத் தளர்த்தினார். வடக்கில் தயங்கி நின்ற அடிமை எதிர்ப்பாளர்களுக்கு அதுவே போதுமானதாயிற்று. 1840இல் ஏறத்தாழ 7,000 வாக்குகள் பெற்ற பர்னி, இம்முறை நாடளவில் 62,000க்கும் மேல் பெற்றார்.

விளைவுகள் விரைந்து வந்தன. தேர்தல் முடிவை மக்களின் ஆணையாகக் கொண்டு, போல்க் பதவியேற்கும் முன்பே, 1845 மார்ச் 1 அன்று குடியரசுத் தலைவர் டைலர் டெக்சாஸ் இணைப்புத் தீர்மானத்தில் கையெழுத்திட்டார். ஆண்டு முடிவதற்குள் டெக்சாஸ் ஒரு மாநிலமாயிற்று. 1846 மே மாதத்தில் மெக்சிகோவுடன் போர் மூண்டது. 1848இன் உடன்படிக்கையால் மிகப் பெரிய நிலப்பரப்பு அமெரிக்கா வசமாயிற்று. அங்கே அடிமைமுறை நுழையலாமா என்பதே அடுத்த பதினைந்து ஆண்டு அரசியலின் மையக் கேள்வி.

1845 அக்டோபரில் இல்லினாய் மாநிலத்தின் இளம் விக் வழக்கறிஞர் ஒருவர், லிபர்ட்டி கட்சி ஆதரவாளர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் இச்செய்தியை எடுத்துக்கொண்டார். நன்மை விளையும் என்பதற்காகத் தீமை செய்யலாகாது என்று நீங்கள் சொல்வது பொதுவாகச் சரியே. ஆனால் மரத்தை அதன் கனியைக் கொண்டல்லவா அறிய வேண்டும்? கிளேயின் வெற்றி அடிமைமுறை பரவுவதைத் தடுத்திருக்குமானால், அவருக்கு வாக்களிப்பது எப்படித் தீமையாகும்? இதுவே அவர் வாதத்தின் சாரம். அந்த வழக்கறிஞரின் பெயர் ஆபிரகாம் லிங்கன்.

இவ்வாதத்துக்கு எளிதில் மறுமொழி கூற இயலாது. பர்னியின் வாக்காளர் அனைவரும் விக் கட்சியின் உடைமை அல்லர். பர்னி களத்தில் இல்லாவிட்டால் பலர் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று சொல்லலாம். புதிதாகக் குடியேறியோர் பெருமளவில் ஜனநாயகக் கட்சியை ஆதரித்ததும், செல்வாக்கு மிக்க சைலஸ் ரைட் அக்கட்சியின் ஆளுநர் வேட்பாளராக நின்றதும் போல்க்குக்கு உதவின என்று காட்டலாம். இவை அனைத்தும் உண்மை. ஆயினும், அவ்வளவு நெருங்கிய போட்டியில் தம் வாக்குக்கு விளைவே இல்லை என்று அவ்வாக்காளர்கள் சொல்ல முடியாது. விளைவில்லாத வாக்கு என்றால், அதை எதிர்ப்பு என்றும் சொல்லிக்கொள்ள இயலாது.

எனினும் கதை 1844இல் முடியவில்லை. கட்சி விசுவாசத்துக்கு அடுத்த சோதனை 1846 ஆகஸ்டில் வந்தது. மெக்சிகோவிடமிருந்து பெறும் நிலத்தில் அடிமைமுறை கூடாது என்னும் திருத்தத்தை, போல்க்கின் கட்சியைச் சேர்ந்த டேவிட் வில்மட்டே முன்மொழிந்தார். பிரதிநிதிகள் அவையில் உறுப்பினர்கள் கட்சிவாரியாக அல்லாமல் வடக்கு, தெற்கு என்று பிரிந்து வாக்களித்தனர். திருத்தம் செனட்டில் நிறைவேறவில்லை. ஆனால் கட்சிக் கட்டு தளர்ந்தது வெளிப்பட்டுவிட்டது.

1848இல் விக் கட்சி, நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த சக்கரி டெய்லரை வேட்பாளராக்கியது. உள்ளிருந்தே போராடலாம் என்ற கிடிங்ஸ் அப்போது வெளியேறினார். லிங்கன் வெளியேறவில்லை, மாசசூசெட்ஸ் வரை சென்று டெய்லருக்காகப் பேசினார். லிபர்ட்டி கட்சியினரில் பெரும்பாலோர் புதிய ஃப்ரீ சாயில் கட்சியில் இணைந்தனர். அதன் வேட்பாளர் யார் என்பதுதான் கவனிக்கத்தக்கது: மார்ட்டின் வான் பியூரன். தலைநகர்ப் பகுதியில் அடிமைமுறையை ஒழிக்கும் எந்தச் சட்டத்தையும் தடுப்பேன் என்று பதவியேற்பு உரையிலேயே உறுதியளித்த முன்னாள் குடியரசுத் தலைவர் அவர். அடிமை ஒழிப்பும் சம உரிமையும் பேசியவர்கள், புதிய நிலப்பரப்புகளில் அடிமைமுறை கூடாது என்னும் அளவுக்குத் தம் கோரிக்கையைச் சுருக்கிக்கொண்டனர். ஜெரிட் ஸ்மித் போன்ற சிலர் இதை ஏற்காமல் தனித்து நின்றனர். ஆனால் வாக்குகள் ஏறத்தாழ 2,91,000 ஆயின. நான்கே ஆண்டுகளில் நான்கு மடங்குக்கும் மேல்.

அடுத்த ஆண்டில் ஓஹையோ சட்டமன்றத்தில் இரு பெரிய கட்சிகளுக்கும் பெரும்பான்மை இல்லை. ஃப்ரீ சாயில் உறுப்பினர் இருவர் கையில் துலாக்கோல் இருந்தது. அவர்கள் ஜனநாயகக் கட்சியுடன் பேரம் பேசினர். அக்கட்சிக்குப் பதவிகள், மாறாக, கறுப்பின மக்களை ஒடுக்கிய சட்டங்களில் பெரும்பகுதி நீக்கம், சால்மன் சேஸுக்குச் செனட் இடம். எட்டாண்டுகளுக்கு முன்பு விக் கட்சியை விட்டு லிபர்ட்டி கட்சிக்கு வந்தவர் சேஸ். பேரத்தை வெறுத்துக் கட்சி விட்டவர்கள் பேரம் பேசக் கற்றுக்கொண்டனர். ஆனால் அந்தப் பேரத்தில் அவர்களிடம் இருந்த ஒரே நாணயம், விலகிச் செல்லத் தயங்காதவர்கள் என்று 1844இல் அவர்கள் ஈட்டிய பெயர்தான்.

கட்சி விசுவாசத்தின் விலையும் விரைவில் தெரியவந்தது. அடிமைமுறைக்குப் புதிய நிலங்களைத் திறந்துவிட்ட 1854ஆம் ஆண்டின் கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டத்தை ஆதரிப்பது ஜனநாயகக் கட்சியினருக்குக் கட்சிக் கடமை ஆக்கப்பட்டது. பிரதிநிதிகள் அவையில் அதை ஆதரித்த வட மாநில ஜனநாயகக் கட்சியினர் 44 பேரில் 7 பேரே அடுத்த தேர்தலில் வென்றனர். வட மாநில விக் உறுப்பினர் ஒருவர்கூட அதை ஆதரிக்கவில்லை; ஆயினும் தெற்கும் வடக்கும் பிரிந்த அக்கட்சி அத்துடன் சிதைந்தது. அச்சிதைவிலிருந்து குடியரசுக் கட்சி எழுந்தது. அங்கே கிடிங்ஸும் சேஸும் லிங்கனும் ஒன்றுகூடினர். முன்னே சென்றவர்கள் கட்டிவைத்த வீட்டுக்குள் பொறுத்திருந்தவர்கள் பின்னர் வந்து சேர்ந்தனர்.

இவ்வரலாற்றிலிருந்து, கொள்கை வாக்கே இறுதியில் வெல்லும் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் அது பாதி உண்மை. கட்சியை முறித்தவர்களால் மட்டும் 1860இன் வெற்றி கிட்டவில்லை. கடைசிவரை விக் கட்சியிலிருந்து பெரும் வாக்காளர் கூட்டத்தை அழைத்துவந்த லிங்கன் போன்றோரும் தேவைப்பட்டனர். மறுபுறம், 1844இல் அனைவரும் குறைந்த தீமையையே தேர்ந்திருந்தால், அடிமை எதிர்ப்புக்குத் தனி வாக்கு உண்டென்பதை எந்தக் கட்சியும் உணர்ந்திராது. விளைவைக் கணக்கிடுவோர் எந்த ஆண்டோடு கணக்கை முடிக்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். லிங்கனின் கணக்கு 1845இல் சரி. 1860இல் அது முழுமையானதன்று.

இரு தரப்பின் கணக்கிலும் விடுபட்ட இனம் ஒன்று உண்டு. நியூயார்க்கில் கறுப்பின ஆண்கள் வாக்களிக்க 250 டாலர் சொத்து வேண்டும் என்னும் விதி வெள்ளையருக்கு இல்லை. தெற்கில் அடிமைப்பட்டிருந்தோருக்கு எந்தச் சீட்டும் இல்லை. டெக்சாஸ் பருத்தி வயல்களுக்கு விற்கப்பட்டவர்களே 1844இன் முடிவுக்கு விலை கொடுத்தார்கள். மனச்சான்றுப்படி வாக்களித்த மேற்கு நியூயார்க் உழவர்கள் அல்லர். அதேபோல், கட்சி ஒற்றுமைக்காக வட மாநில உறுப்பினர்கள் காத்த மௌனத்துக்கும் அவர்களே விலை கொடுத்தார்கள்.

தமிழில் ‘வாக்கு’ என்னும் சொல் பேச்சையும், கொடுத்த உறுதியையும், தேர்தலில் இடும் ஓட்டையும் ஒருங்கே குறிக்கிறது. ஆங்கிலச் சொல்லின் மூலமான இலத்தீன் சொல்லுக்கும் நேர்தல், நோன்பு என்னும் பொருளே முதன்மை. ‘ஓட்டைப் பிரிக்கிறார்கள்’ என்னும் குற்றச்சாட்டு இந்தியத் தேர்தல்களிலும் தவறாமல் ஒலிப்பது. அது வாக்கைக் கருவியாக மட்டும் பார்க்கிறது. ‘என் மனச்சான்றுப்படி வாக்களித்தேன்’ என்னும் மறுமொழியோ வாக்கைப் பேச்சாக மட்டும் பார்க்கிறது. உறுதிமொழி என்னும் மூன்றாம் பொருளை இரு தரப்பும் மறந்துவிடுகின்றன. உறுதிமொழி சொன்ன நாளோடு முடிவதில்லை. அடுத்த நாள் முதல் அதைக் காப்பாற்ற வேண்டும்.

1860 மே மாதம் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில், மனிதர் அனைவரும் சமம் என்னும் விடுதலைப் பிரகடனத்தின் கருத்தைக் கட்சி அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்றார் முதிய கிடிங்ஸ். மாநாடு மறுத்தது. அவர் எழுந்து வெளியே நடந்தார். சற்று நேரத்தில் வேறொருவர் அதே திருத்தத்தை மீண்டும் கொண்டுவர, மாநாடு ஏற்றது. கிடிங்ஸ் திரும்பி வந்து தம் இருக்கையில் அமர்ந்தார். லிங்கனை வேட்பாளராக்கிய மாநாடு அது.