மணற்கல்லும் வன்கல்லும்: காஞ்சி முதல் கிள்ளான் பள்ளத்தாக்கு வரை

கிள்ளான் பள்ளத்தாக்கின் புதிய குடியிருப்புகளில் இயற்கை மணற்கல் விரும்பிப் பயன்படுத்தப்படும் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. வாயில் தூண், முன்சுவர்ப் பதிப்பு, தோட்டத்து நடைபாதை, துளசிமாடம் எனப் பல இடங்களில் அதனைக் காணலாம். நம் முன்னோர் கோயில் எழுப்பிய கல் இது என்னும் எண்ணமும் வாங்குவோரிடையே உண்டு. அவ்வெண்ணம் பாதி உண்மை. எஞ்சிய பாதியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இம்மண்ணைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமும் மூவகைப் பாறைகளின் மேல் அமைந்துள்ளன. பத்துமலையில் குன்றாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் ஒன்று; கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் மற்றொன்று. மூன்றாவது, இன்று புக்கிட் துங்கு எனப்படும் கென்னி குன்றின் பெயரால் புவியியலாளர் வழங்கும் படிவத்தைச் சேர்ந்த மணற்கல்லும் களிப்பாறையும் ஆகும். ஆக, மணற்கல் இங்கு இல்லாத பொருளன்று. நகரத்தின் காலடியிலேயே கிடக்கிறது. ஆயினும் வெப்பமண்டல மழையிலும் வெயிலிலும் அது மிக ஆழம்வரை சிதைந்து மண்ணாகியிருப்பதால் கட்டடக் கல்லாகப் பெயர் பெறவில்லை.

நகரம் செங்கல்லால் எழுந்தது. 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீயும் அதன் இறுதியில் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. 1882இல் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், மரமும் அத்தாப்புக் கூரையும் கொண்ட கடைகளை நீக்கிச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டச் செய்தார். காப்பித்தான் யாப் ஆ லோய் செங்கற்சூளை அமைத்த இடமே பிரிக்ஃபீல்ட்ஸ் ஆயிற்று. பின்னர் இரயில்வேத் தொழிலாளராக வந்த தமிழர் அவ்விடத்தில் குடியேறினர். தமிழர் வாழ்வோடு பிரிக்க இயலாததாய்விட்ட அவ்வூரின் பெயரிலேயே செங்கல் இருக்கிறது. 1897இல் நிறைவுற்ற சுல்தான் அப்துல் சமாட் கட்டடமும் ஏறத்தாழ நாற்பது இலட்சம் செங்கற்களால் ஆனதே.

கோயில்களும் இவ்வழியே சென்றன. தம்புசாமிப் பிள்ளை 1873இல் நிறுவிய மகாமாரியம்மன் கோயில், 1885இல் இப்போதுள்ள இடத்திற்கு மாற்றப்பட்டபோது அத்தாப்புக் கொட்டகையாகவே இருந்தது. 1887இல் செங்கற்கோயிலாயிற்று. அதுவும் நீக்கப்பட்டு 1968இல் இன்றைய கோயில் எழுந்தது. கூரைக் கொட்டகை, செங்கல், சிமெண்டு என்னும் இவ்வரிசைக்குப் பின்னரே கருங்கல் வருகிறது. கிள்ளானில் யாழ்ப்பாணத் தமிழர் வழிபட்டுவந்த சுப்பிரமணிய சுவாமி கோயில் கருங்கற்கோயிலாக எடுத்துக் கட்டப்பட்டமை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கருங்கல் மலைத்தொடரின் அடிவாரத்தில் வாழ்ந்தும், கற்கோயில் காண ஒரு நூற்றாண்டிற்கு மேல் காத்திருந்தனர் இங்குள்ள தமிழர். கல் இருந்தால் மட்டும் போதாது. அதனைச் செதுக்கும் கையும் வேண்டும் அல்லவா?

தமிழகத்திலும் கல் எளிதில் வந்துவிடவில்லை. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் அமைத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமிதத்துடன் குறிக்கிறான். ஏழாம் நூற்றாண்டில் அது புதுமை. பாறையைக் குடைந்த பல்லவர், அடுத்த நிலையில் கற்களை அடுக்கிக் கற்றளி எழுப்பினர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் காஞ்சியில் கட்டிய கைலாசநாதர் கோயில் அவற்றுள் தலைசிறந்தது. மணற்கல் வரலாற்றில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடமும் அதுவே.

கைலாசநாதர் கோயிலின் பெரும்பகுதி மணற்கல்லால் ஆனது. அடித்தளத்தில் மட்டும் கருங்கல் வரிசைகள் இடப்பட்டுள்ளன. மணற்கல் உளிக்கு இணங்கும். யாளியின் பிடரி மயிரையும் அணிகலன்களின் நுணுக்கத்தையும் சிற்பி அதில் விரைந்து காட்ட முடியும். ஆனால் எந்த மென்மை உளிக்கு வழிவிட்டதோ அதே மென்மை மழைக்கும் காற்றுக்கும் வழிவிட்டது. மணல் துகள்களைப் பிணைக்கும் பொருளைப் பொறுத்தே இக்கல்லின் வலிமை அமைகிறது. சிலிக்கா பிணைத்தால் உறுதி. சுண்ணமோ களிமண்ணோ பிணைத்தால் நீர் அதனை மெல்லக் கரைக்கும், தளர்த்தும். காஞ்சியின் சிற்பங்கள் பல முகமிழந்து நிற்கின்றன. அவற்றின்மேல் சுதை பூசப்பட்டது. பிற்காலத்திலும் திரும்பத் திரும்பப் பூசப்பட்டது. இன்று நாம் வியக்கும் சில உருவங்களில் பல்லவச் சிற்பியின் உளிவேலை எது, பிற்காலக் கொத்தனாரின் கரண்டி வேலை எது என்று பிரித்தறிவது எளிதன்று. அடியில் கருங்கல் இட்டமை, நிலத்து ஈரம் மேலேறும் என்பதைக் கட்டியோர் உணர்ந்திருந்ததைக் காட்டுவதாகக் கொள்ள இடமுண்டு.

இரண்டாம் நந்திவர்மன் எழுப்பிய வைகுண்டப் பெருமாள் கோயிலில் இழப்பு இன்னும் பெரிது. அதன் திருச்சுற்று மாளிகையில் பல்லவர் மரபின் வரலாறே தொடர்ச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளது. நந்திவர்மன் இளமையில் அரசேற்ற நிகழ்ச்சிகளுக்கு விளக்கக் குறிப்புகளும் பொறிக்கப்பட்டன. இவ்வளவு அரிய ஆவணத்தையும் உதிரும் கல்லிலேயே எழுதினர். அங்கே கல் உதிரும்போது வரலாற்றாசிரியனின் சான்றும் உடன் உதிர்கிறது.

சோழர் காலத்தில் வன்கல்லே பெருவழக்காயிற்று. செம்பியன் மாதேவியார் செங்கற்கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார் என்பது யாவரும் அறிந்ததே. அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்றுண்டு. திருக்கோடிகாவில் கோயிலைப் புதுப்பித்தபோது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். கட்டடம் மாறினும் கொடையாளரின் பெயர் அழியலாகாது என்னும் அக்கறை அதில் தெரிகிறது.

இனி நம் வீட்டு முற்றத்திற்கு வருவோம். காஞ்சியைவிடக் கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை மிகுதி. நீண்ட வறட்சி இல்லாமையால் கல் முழுதும் உலர வாய்ப்பும் குறைவு. நிழல் விழும் தோட்டத்தில் மணற்கல் விரைவில் பாசி பிடித்து வழுக்கும். படிந்த அடுக்குகள் கிடைமட்டமாக அமையும்படி வைத்தால் நெடுநாள் நிற்கும் கல், அடுக்கு செங்குத்தாக நிற்கும்படி சுவரில் பதித்தால் தோல் தோலாக உரியும். மண்ணில் நேராக ஊன்றிய தூண், நீரோடு உப்பையும் உறிஞ்சி அடிப்பகுதியில் பொடிந்துபோகும். ஈரம் உள்ளிருக்கும்போதே நீர்புகாப் பூச்சு அடித்துவிடுவது அதனை உள்ளேயே அடைத்து வைப்பதாகும். அடியில் வன்கல், மேலே மணற்கல் என்ற பல்லவர் முறையே இங்கும் ஏற்றது. கடைகளில் மணற்கல் எனத் தரப்படுவன எல்லாம் மணற்கல்லும் அல்ல. பாலித் தீவின் பராஸ் கல் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டானது, மணற்கல்லினும் மென்மையானது.

வீட்டின் பெயரையும் கட்டிய ஆண்டையும் பெற்றோர் பெயரையும் வாயிலில் மணற்கல்லிலேயே பொறித்துக்கொள்வோரும் உளர். வெட்டுவதற்கு எளிது, பார்வைக்கும் அழகு. நடைபாதைக்கு மணற்கல் இருக்கட்டும். எழுத்திற்குக் கருங்கல்லே தக்கது. காஞ்சியில் இராசசிம்மனின் விருதுப்பெயர்கள் மணற்சுவரில் தேய்ந்துகொண்டிருக்க, அதே கோயிலின் அடித்தளக் கருங்கல் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உறுதி குன்றாமல் கிடக்கிறது.