வடசென்னையில் வீட்டுச் சொத்துரிமையும் அரசுக் கட்டுப்பாடும்

வடசென்னையின் துறைமுக, தொழிற்பகுதிகளான இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களில் மனை, வீடு, வாடகை ஆகியவற்றின் மீது உரிமையாளருக்கு இருந்த அதிகாரத்தை அரசு பல சட்டங்களின் மூலம் வரையறுத்து வந்துள்ளது. இந்த வரலாறு 1921 ஆம் ஆண்டின் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தில் தொடங்கி, 2019 இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் வரை சுமார் நூறு ஆண்டுகள் நீள்கிறது. இதனை உரிமையாளருக்கும் அரசுக்கும் இடையிலான போட்டி என்றே பலரும் விளக்குவர். ஆனால் சட்டங்களை வரிசையாகப் பார்த்தால் இன்னொரு கேள்வியும் எழுகிறது: வீட்டைப் பழுதுபார்க்க வேண்டியவர் யார்?

பின்னணி

1856 இல் இராயபுரம் தொடர்வண்டி நிலையம் திறக்கப்பட்டு, அங்கிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி புறப்பட்டது. துறைமுகமும் ஆலைகளும் வளர வளர, வேலை தேடி வந்தோர் கிடங்குகளுக்கும் தண்டவாளங்களுக்கும் அருகிலேயே குடியேறினர். விடுதலைக்குப் பின் எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எனத் தொழிற்சாலைகள் வரிசையாக அமைந்தன.

வேலை பெருகிய அளவுக்கு வீடு பெருகவில்லை. ஒரே வீட்டைப் பல குடும்பங்கள் பகிரும் ஒண்டுக் குடித்தனம், பிறர் மனையில் வாடகை செலுத்திச் சொந்தச் செலவில் எழுப்பிய வீடு, புறம்போக்கில் போட்ட குடிசை ஆகிய மூன்றும் தொழிலாளரின் பொதுவான வாழிடங்களாயின. பின்னர் வந்த சட்டங்களையும் இந்த மூன்று வகைகளின் அடிப்படையிலேயே புரிந்துகொள்ளலாம்.

அடிமனைச் சட்டம்: 1921

1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அதில் கட்டடம் எழுப்பியவர், குத்தகை முடிந்ததும் தாம் கட்டியதைப் பிரித்து எடுத்துச் செல்லலாம். நிலத்தை மட்டும் பழையபடி ஒப்படைக்க வேண்டும். கொட்டகைக்கு இது பொருந்தும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வீட்டைப் பிரித்தால் மிஞ்சுவது இடிபாடுதான்.

முதல் உலகப் போருக்குப் பின் சென்னையில் மனை மதிப்பு உயர்ந்தது. கூடுதல் வாடகை கேட்பதும், தராதவரைக் காலி செய்யச் சொல்வதும் பெருகின. இந்நிலையில் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், 1921 இயற்றப்பட்டு, 1922 ஆம் ஆண்டின் 3 ஆம் எண் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. நியாயமான வாடகை செலுத்தும் வரை வெளியேற்றப்பட மாட்டோம் என்ற நம்பிக்கையில் பிறர் நிலத்தில் வீடு கட்டியவர்களைக் காப்பதே அதன் நோக்கம்.

இச்சட்டத்தில் மூன்று கூறுகள் முக்கியமானவை. முதலாவது, கட்டடம் என்ற சொல்லில் குடிசையும் அடங்கும். இரண்டாவது, வெளியேற்றப்படும் குடியிருப்போருக்குத் தாம் எழுப்பிய கட்டடத்தின் மதிப்பை இழப்பீடாகப் பெறும் உரிமை உண்டு. மூன்றாவது, 9 ஆம் பிரிவின்படி, நில உரிமையாளர் வெளியேற்ற வழக்குத் தொடுத்தால், அந்த நிலத்தைத் தமக்கே விற்க உத்தரவிடுமாறு குடியிருப்பவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். விலையை நீதிமன்றம் நிர்ணயிக்கும்.

சொத்துரிமை பற்றிய வழக்கமான எண்ணத்தை இது மாற்றியது. நிலம் ஒருவருக்கு, அதன் மேலுள்ள கட்டடம் மற்றொருவருக்கு என உரிமை இரண்டாகப் பிரிந்தது. விற்க விரும்பாத உரிமையாளரையும் விற்கச் செய்ய நீதிமன்றத்தால் முடிந்தது. பிற்காலத் திருத்தங்கள் இந்த உரிமையின் எல்லையைக் குறுக்கின. ஒரு திருத்தத்துக்குப் பின், வசதியாக வாழத் தேவையான குறைந்தபட்ச அளவு நிலத்தை மட்டுமே வாங்க முடிந்தது. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் எண் சட்டம் சமய நிறுவனங்கள், அறநிலையங்கள் ஆகியவற்றின் நிலங்களுக்கு விலக்களித்தது. உச்ச நீதிமன்றம் 2005 இல் மயிலாப்பூர் கிளப் வழக்கில் அதனை ஏற்றது. பழைய கோயில்களுக்கு நிலங்கள் உள்ள ஊர்களில் அடிமனைக் குடியிருப்போர் பலர் இதனால் பாதுகாப்பை இழந்தனர்.

போர்க்கால வாடகைக் கட்டுப்பாடு

கட்டிய வீட்டை வாடகைக்கு எடுத்தவர்களுக்கான பாதுகாப்பு, இரண்டாம் உலகப் போரின்போது வந்தது. பிரிட்டனில் 1915 ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரத் தொழிலாளர் குடும்பங்கள், பெண்கள் முன்னின்று, வாடகை கொடுக்க மறுத்துப் போராடின. அதன் விளைவாக அங்கு வாடகை உயர்வைத் தடுக்கும் சட்டம் வந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின், 1941 இல், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் சென்னையில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. துறைமுக நகரத்துக்குக் கிடங்குகளும் இன்றியமையாதவை என்பதால் 1942 இல் அவற்றின் வாடகைக்கும் தனி ஆணை வந்தது.

போர் முடிந்த பின்னும் கட்டுப்பாடு நீங்கவில்லை. 1946, 1949 ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின், கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், 1960 நிலையான வடிவம் பெற்றது. சென்னை நகருக்கு மட்டுமன்றி நகராட்சிகளுக்கும் இது பொருந்தியது. திருவொற்றியூர் 2011 இல்தான் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. அதுவரை அது தனி நகராட்சி.

1960 ஆம் ஆண்டுச் சட்டம்

வீட்டின் மீதான அரசின் கை இச்சட்டத்தில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. வீடு காலியானால் உரிமையாளர் ஏழு நாள்களுக்குள் உரிய அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அரசு ஊழியர் குடியிருக்கவோ பொதுப் பயன்பாட்டுக்கோ அந்த வீடு தேவைப்பட்டால் அரசே அதனை எடுத்துக்கொண்டு வாடகை செலுத்தும். தம் வீட்டுக்கு யார் குடிவருவார் என்பதைக்கூட உரிமையாளர் தாமே முடிவு செய்ய முடியாத நிலை இது.

வாடகை குறித்துத் தகராறு எழுந்தால், வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர் நியாய வாடகையை நிர்ணயிப்பார். 1973 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், குடியிருப்புக் கட்டடத்துக்கு அதன் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடும், பிற கட்டடங்களுக்கு 12 விழுக்காடும் வாடகையாகக் கணக்கிடப்பட்டது. ஓர் எடுத்துக்காட்டு: மனையும் வீடும் சேர்ந்து 1,00,000 ரூபாய் மதிப்புடையவை எனில், ஆண்டு வாடகை 9,000 ரூபாய், மாத வாடகை 750 ரூபாய். இவ்வாறு நிர்ணயித்தபின், வீட்டில் புதிய வசதி சேர்த்தாலன்றி வாடகையை உயர்த்துவது எளிதன்று.

வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, உரிமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்காக மட்டுமே குடியிருப்போரை வெளியேற்ற முடியும். துறைமுகத்திலும் ஆலைகளிலும் நாள்கூலிக்கு உழைத்த குடும்பத்துக்கு இது பெரும் பாதுகாப்பு. வேலைக்கு நடந்து செல்லும் தொலைவில் வீடு நிலைத்தால்தான் வருமானமும் நிலைக்கும்.

மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்குச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு விலக்களித்திருந்தது. உச்ச நீதிமன்றம் 1986 இல் ரத்தன் ஆரியா வழக்கில் இந்த விலக்கு சமத்துவ உரிமைக்கு முரணானது எனக் கூறி நீக்கியது. அதிக வாடகை கொடுப்போரும் அதனால் பாதுகாப்புப் பெற்றனர். உரிமையாளர் தரப்பின் குறையும் பின்னர் நீதிமன்றத்தில் எதிரொலித்தது. 1997 இல் மகாராட்டிரத்தைப் பற்றிய மால்பே விசுவநாத ஆச்சாரியா வழக்கில், 1940 ஆம் ஆண்டு அளவிலேயே வாடகையை உறையவைப்பது காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என உச்ச நீதிமன்றம் கருதியது.

பழுதுபார்ப்புச் சிக்கல்

உரிமையாளர் பழுதுபார்க்கத் தவறினால், அலுவலரின் உத்தரவு பெற்றுக் குடியிருப்பவரே பழுதுபார்த்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடமளித்தது. ஆனால் வாடகையே சிறு தொகையானால், அதில் கழித்து மெட்ராஸ் தளத்தின் உளுத்த உத்தரத்தை மாற்ற எத்தனை ஆண்டுகள் ஆகும்? உரிமையாளருக்கோ செலவு செய்யக் காரணம் இல்லை. செலவிட்டது வாடகையில் திரும்பி வராது. வீடு பாழடைந்தால், இடித்துக் கட்டும் காரணத்தைக் காட்டி அதனைத் திரும்பப் பெறும் வழியும் திறக்கும். குடியிருப்பவருக்கும் தயக்கம் உண்டு. தமக்குச் சொந்தமில்லாத சுவரில் அவர் ஏன் பணம் போட வேண்டும்?

இவ்வாறு வாடகை வீட்டில் உரிமை ஒருவரிடமும் குடியிருப்பு மற்றொருவரிடமும் இருக்க, பராமரிப்பு எவர் பொறுப்பிலும் இல்லாமல் போனது. அடிமனை வீட்டில் நிலைமை வேறு. கட்டியவரே குடியிருந்தார், சட்டம் அவருக்கு நிலைபேறும் அளித்தது, ஆகவே ஓடு மாற்றவும் சுவர் பூசவும் அவருக்குக் காரணம் இருந்தது.

சொத்துரிமையும் அரசமைப்பும்

இந்திய அரசமைப்பில் சொத்துரிமை தொடக்கத்தில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978 ஆம் ஆண்டின் 44 ஆம் திருத்தம் அதனை அப்பட்டியலிலிருந்து நீக்கி, 300அ என்ற பிரிவில் சேர்த்தது. அதன்படி, சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவரின் சொத்தைப் பறிக்க முடியாது. மறுபுறம், 1985 இல் மும்பை நடைபாதைவாசிகள் பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வுரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதே ஆண்டில் சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கையும் அது விசாரித்தது. அகற்றும் முன் மாற்று இடம் தரும் கொள்கையை அரசு தொடரும் என அதில் நம்பிக்கை தெரிவித்தது.

குடிசை மாற்று வாரியம்

மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, 1970 இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. சென்னையின் குடிசைகளை ஏழு ஆண்டுகளில் மாற்றி அடுக்கு வீடுகள் கட்டுவது அதன் இலக்கு. 1971 இல் குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றுதல்) சட்டம் நிறைவேறியது. ஒரு பகுதி குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டால், 29 ஆம் பிரிவின்படி உரிய அதிகாரியின் அனுமதியின்றி அங்குள்ள குடியிருப்போரை நில உரிமையாளர் வெளியேற்ற முடியாது. தனியார் நிலத்துக்கும் இது பொருந்தும்.

வாரியம் கட்டிய வீடுகள் ஒதுக்கீட்டு ஆணையின் வழியே தரப்பட்டன. பல திட்டங்களில், தவணை முழுதும் செலுத்தியவருக்குக் கிரயப் பத்திரம் கிடைக்கும். அதுவரை வாரியமே உரிமையாளர். அதற்குப் பிறகும் மாடிப்படி, கழிவுநீர்க் குழாய், மேல்தளம் ஆகியவை எவர் ஒருவருக்கும் தனியே உரியவை அல்ல. வாடகை வீட்டின் பழைய சிக்கல் அரசு வீட்டில் மீண்டும் தலைதூக்கியது.

கொடுங்கையூர் மனைத் திட்டம்

1977 இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வேறு வழியைக் கைக்கொண்டது. வீட்டுக்குப் பதிலாகச் சாலை, குடிநீர், வடிகால் வசதியுடன் மனை தரப்பட்டது. மனை பெற்றவர் தம் வருமானத்துக்கேற்பச் சிறிது சிறிதாகக் கட்டிக்கொண்டார். அரும்பாக்கம், வில்லிவாக்கம் ஆகியவற்றுடன் வடசென்னையின் கொடுங்கையூரும் இதில் இடம்பெற்றது. சென்னை, மும்பை நகரங்களின் இத்தகைய மனைத் திட்டங்களை இருபது ஆண்டுகளுக்குப் பின் மறுபடி ஆராய்ந்து 2018 இல் வெளியான ஆய்வுக்கட்டுரை, பல வருவாய்ப் பிரிவினரும் சேர்ந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக அவை வளர்ந்திருந்ததைப் பதிவு செய்தது.

அரிவாக்குளம் இடிவு

2021 டிசம்பர் 27 அன்று, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி இடிந்து விழுந்தது. அதில் 24 வீடுகள் இருந்தன. விரிசல்களைக் கண்ட குடும்பத்தினர் முன்கூட்டியே வெளியேறியதால் உயிரிழப்பு நேரவில்லை. ஆனால் வீட்டுப் பொருள்கள் இடிபாட்டில் புதைந்தன. பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 1 லட்சம் ரூபாயும் மாற்று வீடும் அளிக்கப்படும் என அரசு அறிவித்தது. அதே ஆண்டில்தான் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றப்பட்டிருந்தது. அக்கட்டடம் அப்போது முப்பது ஆண்டுகளைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

சிங்கப்பூருடன் ஓர் ஒப்பீடு

அரசு கட்டும் வீடு விரைவில் பாழாகும் என்பது இயற்கை விதியன்று. தமிழும் ஆட்சி மொழியாக உள்ள சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 இல் தொடங்கியது. அங்கு வாழும் மக்களில் பெரும்பான்மையோர் கழக வீடுகளிலேயே உள்ளனர். வீட்டை 99 ஆண்டுக் குத்தகையில் பெறுகின்றனர், நிலம் அரசுடையது. எனினும் ஒவ்வொரு குடும்பமும் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறது. நகர மன்றங்கள் அதில் ஒரு பகுதியை எதிர்காலப் பெரும்பழுதுகளுக்கென ஒதுக்கி வைக்கின்றன. பொது இடங்களின் பொறுப்பு யாருடையது என்பதில் அங்கு ஐயமில்லை.

புதிய வாடகைச் சட்டம்

தமிழ்நாட்டில் 1960 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017 ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகையை இருதரப்பும் பேசி முடிவு செய்யலாம். எழுத்து மூல ஒப்பந்தம் கட்டாயம். அதனை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கும் சென்னை வழக்கத்துக்கு மாறாக, மூன்று மாத வாடகையே உச்ச அளவாக வைக்கப்பட்டது.

கட்டமைப்புப் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பி இணைப்பு ஆகியவை உரிமையாளர் பொறுப்பு எனவும், குழாய் வளையம், மின்பொத்தான், சன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரர் பொறுப்பு எனவும் சட்டத்தின் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. இச்சட்டம் சந்தையின் பக்கம் சாய்ந்தது என்றும், குறைந்த வருவாயினரின் நிலைபேறு குறைந்தது என்றும் விமர்சனம் எழலாம். எனினும் நெடுங்காலம் பதிலின்றி இருந்த பழுதுபார்ப்புக் கேள்விக்கு அது நேரடியாக விடை கூறியது.

மதிப்பீடு

முழுச் சொத்துரிமை மட்டும் நிலவியபோது, தம் உழைப்பில் கட்டிய வீட்டைத் தொழிலாளர் இழக்க நேர்ந்தது. முழுக் கட்டுப்பாடு நிலவியபோது வீட்டைப் பேண ஆளில்லாமல் போனது. அடிமனை வீடும் கொடுங்கையூர் மனையும் ஒரு பாடத்தைத் தருகின்றன: வெளியேற்றப்படோம் என்ற உறுதியும் பேணும் பொறுப்பும் ஒரே கையில் சேர்ந்த இடங்களில் மக்கள் தம் வீட்டைத் தாமே வளர்த்தனர். பழைய வாரியக் குடியிருப்புகள் மறுகட்டுமானம் செய்யப்படும் இக்காலத்தில், புதிய வீட்டின் சாவியுடன் அதன் மாடிப்படிக்கும் மேல்தளத்துக்கும் பொறுப்பாளர் யார் என்பதும் எழுத்தில் தரப்பட வேண்டும். அரிவாக்குளத்தில் அந்த 24 குடும்பங்கள் உயிர்தப்பியது, அவர்களே விரிசலைக் கவனித்ததால்தான்.